இமையில் திரும்ப வந்த கட்டி: ரிப்போர்ட்டில் ‘ஹைட்ரடினோமா’ என்று இருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை இருக்கிறது, இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது மேல் இமையில், வெளி ஓரத்துப் பக்கம், மிளகு அளவில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. கண் கட்டி என்று சொல்லி சொட்டு மருந்து கொடுத்து, வெந்நீர் ஒத்தடம் போடச் சொன்னார்கள். குறையவில்லை. அப்புறம் தோல் பக்கமாகக் கீறிச் சுரண்டினார்கள். ‘சீழ் இல்லை, தண்ணீர்தான் வந்தது’ என்றார்கள். எதையும் லேபுக்கு அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் பட்டாணி அளவுக்குத் திரும்ப வந்துவிட்டது. போன மாதம் வேறொரு மருத்துவமனையில் எடுத்து, பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ‘தீங்கற்ற வியர்வைச் சுரப்பிக் கட்டி, நோடுலர் ஹைட்ரடினோமாவுடன் ஒத்துப்போகிறது, தெளிந்த செல்கள் அதிகம், ஆழ விளிம்பைத் தொடுகிறது, இம்யூனோ பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம்’ என்று இருக்கிறது. இது புற்றுநோயா? முதல் டாக்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா? பெரியம்மா நாமக்கட்டி உரசிப் போடச் சொல்கிறார், போடலாமா? இது எங்களுக்கும் வருமா? ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் வேறு இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ரிப்போர்ட்டில் உள்ள பெயர் சரி என்றால் இது புற்றுநோய் இல்லை. கீமோ, ரேடியேஷன் எதற்கும் இங்கே வேலை இல்லை. உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம்.

‘பெயர் சரி என்றால்’ என்று நான் நிபந்தனை போட்டது உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை. ரிப்போர்ட் எழுதிய மருத்துவரே ‘ஒத்துப்போகிறது’ என்று நிறுத்தி, இம்யூனோ செய்யலாம் என்று எழுதியிருக்கிறார். கவனமாகப் பார்க்கிறவர்தான் அப்படி எழுதுவார். அவர் எந்த இடத்தில் தயங்கினார் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டால் அடுத்து செய்ய வேண்டியதும் புரிந்துவிடும். அதனால் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இமை சின்ன இடம். அதன் தோல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது, உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். ஆனால் அதற்குள் சுரப்பிகள் நெருக்கியடித்து இருக்கின்றன. இமைக்கு விறைப்பு கொடுக்கும் டார்சஸ் தகட்டுக்குள் மெய்போமியன் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் மட்டும் 25 முதல் 40 வரை இருக்கும். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் எண்ணெய் சுரப்பது அவற்றின் வேலை. இமை முடியின் வேரோடு சேர்ந்து ஜைஸ் சுரப்பி என்ற இன்னொரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே மால் சுரப்பி. இது அக்குளில் இருக்கும் வகையைச் சேர்ந்த வியர்வைச் சுரப்பி. இமைத் தோலில் மற்ற இடங்களில் இருப்பது போன்ற சாதாரண வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. இவற்றில் எதிலிருந்தும் கட்டி வரலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ‘இமையில் ஒரு உருண்டை’தான்.

இந்தக் கூட்டத்தில் கண் மருத்துவர் அன்றாடம் பார்ப்பது கலேஸியன். மெய்போமியன் சுரப்பி அடைத்து, உள்ளே தேங்கிய கொழுப்பைச் சுற்றி உடம்பு எழுப்பும் வீக்கம் அது. ஒத்தடம் கொடுத்தால் நிறைய பேருக்குக் கரைந்துவிடும். கரையாவிட்டால் இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்போம். வியர்வைச் சுரப்பிக் கட்டிகளிலும் சில சகஜம்தான். கீழ் இமையில் கடுகு கடுகாகத் தோல் நிறத்தில் பல இருந்தால் சிரிங்கோமா. பெண்களிடம் அதிகம், நிறைய பேர் அதைப் பரு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இமை ஓரத்தில் நீலம் பூத்தாற்போல், டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவும் நீர்ப்பை இருந்தால் ஹைட்ரோசிஸ்டோமா. இவை இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பெரும்பாலும் சொல்லிவிடலாம். இவற்றைத் தாண்டிய நோடுலர் ஹைட்ரடினோமா, காண்ட்ராய்டு சிரிங்கோமா, ஸ்பைரடினோமா, சிலிண்ட்ரோமா எல்லாம் இமையில் அபூர்வம். கண்ணால் பார்த்தோ தொட்டோ இவற்றில் இது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. வேறு யாராவது சொன்னாலும் சந்தேகத்தோடுதான் கேட்பேன். இந்தப் பெயர்களெல்லாம் நுண்ணோக்கிக்குக் கீழே வைக்கப்படுபவை.

இப்போது முதல் டாக்டர் விஷயம். அவர் பெயரைத் தப்பாகச் சொன்னார் என்பதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது வயதுக்காரருக்கு இமையில் வலியில்லாத உருண்டை என்றால் யாருக்கும் முதலில் கலேஸியன்தான் நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு துப்பு இருக்கிறது. தோல் பக்கமாகக் கீறியிருக்கிறார். அப்படியானால் கட்டி தோலுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கலேஸியன் டார்சஸ் தகட்டோடு ஒட்டி இருக்கும். இமைத் தோலை விரலால் லேசாக நகர்த்தினால் தோல் மட்டும் அதன் மேல் வழுக்கி நகரும், கட்டி நின்ற இடத்தில் நிற்கும். இமையைத் திருப்பினால் உள்பக்கம் அந்த இடத்தில் சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு புள்ளி தெரியும். தோலுக்குள் இருக்கும் வியர்வைச் சுரப்பிக் கட்டியோ தோலோடு சேர்ந்தே நகரும். அரை நிமிட வேலை. நெரிசலான ஓ.பி.யில் அந்த அரை நிமிடம் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டாவது துப்பு, தண்ணீர் வந்தது. கலேஸியனைக் கீறினால் கூழ் மாதிரி, பசை மாதிரி ஏதாவது வரும். தெளிந்த நீர் வராது. நீர் வந்தால் அது நீர்ப்பை, இல்லையென்றால் உள்ளே நீர்ப்பை கொண்ட கட்டி. நோடுலர் ஹைட்ரடினோமா இந்த இரண்டாவது ரகம். ஒரு பக்கம் கெட்டிச் சதை, ஒரு பக்கம் நீர் நிறைந்த அறை. நீரை வடித்ததும் இமை தட்டையாகிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும். சுரக்கிற சதை அங்கேயே இருப்பதால் மறுபடி நிறையும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

அந்த மருத்துவர் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சுரண்டியதைக் கொஞ்சமாவது, சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு லேபுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு, முதல் முறை, பார்த்தாலே தெரிகிற கலேஸியன் என்றால் அனுப்பாமல் விடுவதைப் புரிந்துகொள்ளலாம். நடுவயது தாண்டியவர், அல்லது அதே இடத்தில் இரண்டாம் முறை வந்தது, அல்லது உள்ளிருந்து வந்தது எதிர்பார்த்ததாக இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அனுப்பியே ஆக வேண்டும். காரணம் ஹைட்ரடினோமா அல்ல, செபேஷியஸ் கார்சினோமா. எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அது. கலேஸியன் மாதிரியே வேஷம் போடும். மேற்கு நாடுகளில் இமைப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் பேசல் செல் கார்சினோமாதான், செபேஷியஸ் அபூர்வம். நம் நாட்டில் அப்படியில்லை; இங்கே இமையில் வரும் புற்றுநோய்களில் செபேஷியஸுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதுவும் மேல் இமையில் அதிகம். ‘திரும்பத் திரும்ப வந்த கண் கட்டி’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் காதுக்கு முன்னால் நெறி கட்டிய பிறகு வருபவர்களை இன்னமும் பார்க்கிறோம்.

உங்கள் அம்மாவின் கட்டி இருந்த இடத்தில் இமை முடி கொட்டியதா, இமை ஓரம் பள்ளமாகவோ சிதைந்தோ இருந்ததா, புண்ணாகி ரத்தம் கசிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இவை இருந்தால் புற்றுநோய்ப் பக்கம் சந்தேகம் கூடும். பழைய ஃபோட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். கல்யாண வீட்டு, திருவிழாப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால்கூட இமை முடி தெரியும். முடி ஒழுங்காக இருந்தது என்றால் மனதுக்கு நல்லது. ஆனால் முடி இருந்தது என்பதற்காக மட்டும் எந்தக் கட்டியையும் சாது என்று முடிவு கட்ட முடியாது.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை உறிஞ்சி எடுத்து, மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, இரண்டு சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஹைட்ரடினோமாவில் தோலின் உள்ளடுக்கில், சுற்றிலும் ஒழுங்கான எல்லையோடு, செல்கள் திட்டுத் திட்டாக இருக்கும். இடையிடையே நீர் அறைகள். சின்னச் சின்னக் குழாய்கள். செல்களில் இரண்டு வகை தெரியும். ஒன்று இளஞ்சிவப்பாக நிறமேறிய செல். இன்னொன்று உள்ளே எதுவுமே இல்லாதது போல வெளுத்துத் தெரியும் செல். ரிப்போர்ட்டில் ‘தெளிந்த செல்’ என்று இருப்பது இந்த இரண்டாவது வகை. தயக்கமும் இங்கேதான் தொடங்குகிறது.

செல் ஏன் காலியாகத் தெரிகிறது? ஹைட்ரடினோமாவில் செல்லுக்குள் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் ஒரு வகைச் சர்க்கரைப் பொருள் நிறைந்திருக்கும். வழக்கமான சாயத்தில் அது தெரியாது. செபேஷியஸ் கார்சினோமாவில் செல்லுக்குள் இருப்பது கொழுப்பு; மெழுகில் பதிக்கும் முன் பயன்படுத்தும் திரவங்கள் அதைக் கரைத்துவிடுவதால், நுரை நுரையாகக் குழிகள் மட்டும் மிஞ்சும். மூன்றாவதாக, சிறுநீரகத்தில் வரும் ஒரு புற்றுநோயின் செல்களும் இப்படித்தான் வெளுத்துத் தெரியும்; அது அபூர்வமாகத் தோலுக்கும் இமைக்கும் பரவியிருக்கிறது. (சர்க்கரைப் பொருள் என்று எழுதியதும் உங்கள் அம்மாவின் சர்க்கரை நோயோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சிரிங்கோமாவில் தெளிந்த செல் கொண்ட ஒரு வகைக்குத்தான் நீரிழிவோடு தொடர்பு சொல்லப்படுகிறது, அது வேறு.)

மூன்றையும் பிரிப்பது அனுபவமுள்ள பெத்தாலஜிஸ்டுக்கு, அதாவது சதையை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவருக்கு, பெரும்பாலும் சாதாரணச் சாயத்திலேயே முடியும். ஹைட்ரடினோமாவின் செல்கள் ஒரே மாதிரி, அமைதியாக இருக்கும். செல்லின் நடுவில் இருக்கும் நியூக்ளியஸ் (உட்கரு) சின்னது, சீரானது. செபேஷியஸ் கார்சினோமாவில் நியூக்ளியஸ் பெரிதும் சிறிதுமாக, கருமையாக, பிளந்துகொண்டிருக்கும் செல்கள் ஏராளமாகத் தெரியும். பல சமயம் இமையின் மேல்தோலுக்குள்ளேயே புற்றுநோய்ச் செல்கள் ஏறியிருக்கும். சிறுநீரகத்திலிருந்து வந்ததென்றால் செல் திட்டுகளுக்கு இடையே மெல்லிய ரத்தக் குழாய்கள் வலையாக ஓடும். இவ்வளவு இருந்தும் துண்டு சின்னதாக இருந்தால், நசுங்கியிருந்தால், ஏற்கெனவே ஒரு முறை கீறிய தழும்பு நடுவில் இருந்தால் சந்தேகம் வரும். உங்கள் அம்மா விஷயத்தில் தழும்பு நிச்சயம் இருக்கும்.

அப்போது சிறப்புச் சாயங்களை நாடுவார்கள். பி.ஏ.எஸ். என்ற சாயம் கிளைக்கோஜனைக் கருஞ்சிவப்பாகக் காட்டும். அதே சதையை டயஸ்டேஸ் என்ற நொதியில் வைத்துவிட்டுத் திரும்பச் சாயம் ஏற்றினால் சிவப்பு காணாமல் போகும். போனால் அது கிளைக்கோஜன்தான். செலவு குறைவு, நிறைய லேபுகளில் செய்வார்கள். அதற்கு அடுத்தது ரிப்போர்ட்டில் சொன்ன இம்யூனோ. செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைத் தேடிப் பிடித்து நிறம் காட்டும் முறை. பி63 என்ற குறியீடு வியர்வைச் சுரப்பியிலேயே பிறந்த கட்டியில் பொதுவாக நிறம் காட்டும். பரவி வந்ததில் பெரும்பாலும் காட்டாது. இ.எம்.ஏ., சி.இ.ஏ. இரண்டும் குழாயின் உள்விளிம்பைக் கோடு போட்டுக் காட்டும். அடிபோஃபிலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றி நிறம் காட்டி செபேஷியஸைக் காட்டிக்கொடுக்கும். பாக்ஸ்8 சிறுநீரகத்துப் பக்கம் கை நீட்டும். கே.ஐ.67 எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லும். தீங்கற்ற கட்டியில் அது குறைவாக இருக்கும். இதில் எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. சாதாரணச் சாயத்தில் பார்த்ததோடு பொருத்திப் பார்த்துத்தான் முடிவு. ஹைட்ரடினோமாக்கள் பலவற்றில் இரண்டு ஜீன்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அதைச் சோதிக்க உங்களுக்கு அவசியம் வரும் என்று நான் நினைக்கவில்லை. யாராவது அதற்கு ஆயிரக்கணக்கில் பில் போட்டால், அதனால் சிகிச்சையில் என்ன மாறும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மாவுக்கு எப்போதாவது சிறுநீரகக் கட்டி, மார்பகக் கட்டி என்று சிகிச்சை நடந்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரகப் புற்றுநோய் பல வருடம் கழித்துக்கூட வேறெங்காவது தலைகாட்டும். அப்படி எதுவும் இல்லை, இம்யூனோவும் தெளிவாக இருக்கிறது என்றால் வயிற்று ஸ்கேன்கூட இதற்காக வேண்டாம்.

வியர்வைச் சுரப்பியிலேயே பிறக்கும் புற்றுநோய்களும் உண்டு. அவையும் சாது வேஷம் போடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதான பெண்களின் இமையில் ஹைட்ரோசிஸ்டோமா போலவே மெதுவாக வளரும், மியூசின் என்ற வழுவழுப்பான பொருளைச் சுரக்கும் ஒரு வகை இருக்கிறது. சிரிங்கோமா போலத் தெரிந்து, நரம்பைச் சுற்றி ஆழமாகப் போகும் இன்னொரு வகை இருக்கிறது. ஹைட்ரடினோமாவுக்கே ஒரு புற்றுநோய் வடிவம் உண்டு, மிக அபூர்வம். அதில் எல்லை ஒழுங்கிழந்து சுற்றுச் சதைக்குள் புகுந்திருக்கும், செல்கள் செத்த திட்டுகள் தெரியும், பிளக்கும் செல்கள் அதிகம் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘தீங்கற்ற’ என்று எழுதியிருப்பதால் இவை காணப்படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லை ஒழுங்காக இருக்கிறது என்று சொல்வதற்கு எல்லை முழுவதும் கண்ணில் பட வேண்டும். துண்டு துண்டாக எடுத்து அனுப்பினால் பெத்தாலஜிஸ்ட் என்ன செய்வார்? ‘ஆழ விளிம்பைத் தொடுகிறது’ என்ற அந்த வரியைத்தான் இந்த ரிப்போர்ட்டில் முக்கியமானதாக நான் பார்க்கிறேன்.

எல்லாரும் பெயரைப் பார்த்துப் பதறுகிறார்கள், விளிம்பைப் பற்றிய வரியை விட்டுவிடுகிறார்கள். விளிம்பைத் தொடுகிறது என்றால், வெட்டிய கோட்டிலேயே கட்டியின் செல்கள் இருக்கின்றன. அந்தக் கோட்டுக்கு அப்பால், இமையில், மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. புற்றுநோயாக இருந்தால் உடனே மறுபடி போய் எடுக்க வேண்டும். தீங்கற்ற கட்டி என்றால் அவசரம் இல்லை. ஆனால் கோரைப்புல்லை மேலே மட்டும் பறித்தது மாதிரி, கிழங்கு உள்ளே இருந்தால் மறுபடி முளைக்கும். ஹைட்ரடினோமாவும் காண்ட்ராய்டு சிரிங்கோமாவும் இதற்குப் பேர்போனவை. ஒவ்வொரு முறை வளரும்போதும் தழும்பு கூடி, எல்லை குழம்பி, அடுத்த அறுவை சிகிச்சை கொஞ்சம் கடினமாகும்.

அதனால் நான் சொல்வது இந்த வரிசை. முதலில் பெயரை உறுதிப்படுத்துங்கள், மறு அறுவை பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. முன்பு பார்த்த லேபுக்குப் போய் சதையைப் பதித்த மெழுகு பிளாக்கையும், அதிலிருந்து சீவிச் சாயம் ஏற்றிய கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். லேபுகள் இவற்றைப் பல வருடம் பத்திரமாக வைத்திருக்கும், நோயாளி கேட்டால் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘பாருங்க சார்’ என்று கேட்பவர்கள் நிறைய. காகிதத்தைப் பார்த்து யாரும் இரண்டாவது கருத்து சொல்ல முடியாது, சதையைத்தான் பார்க்க வேண்டும். ஸ்லைடு மட்டும் போதாது. இம்யூனோவுக்குப் புதிதாகச் சீவ வேண்டியிருக்கும், அதற்கு பிளாக் வேண்டும். அதைக் கண் சம்பந்தப்பட்ட சதைகளை அடிக்கடி பார்க்கும் பெத்தாலஜிஸ்டிடம் காட்டுவது நல்லது. சென்னை, மதுரையில் உள்ள பெரிய கண் மருத்துவமனைகளில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முயற்சி செய்யலாம். அம்மா நேரில் போக வேண்டியதில்லை, நீங்கள் பிளாக்கை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

கூடவே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: வயது, எந்த இமை, எந்த இடம், எத்தனை நாளாக, முதலில் கீறியபோது நீர் வந்தது, எப்போது திரும்ப வந்தது, முன்பு வேறு கட்டிக்கு சிகிச்சை நடந்ததா. இதெல்லாம் மருத்துவர் எழுத வேண்டியதுதான். ஆனால் லேபுக்கு வரும் படிவங்களில் பாதிக்கு மேல் ‘இமைக் கட்டி’ என்ற ஒரே வார்த்தைதான் இருக்கிறது என்று என் பெத்தாலஜிஸ்ட் நண்பர் அலுத்துக்கொள்வார். நீர் வந்தது என்ற ஒரு தகவல் அவருக்கு எவ்வளவு உதவும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

பெயர் உறுதியானால் இரண்டு வழி. ஒன்று, காத்திருந்து பார்ப்பது. இமை இப்போது தட்டையாக இருந்தால், அம்மாவுக்கு மறுபடி கத்தி பட விருப்பமில்லை என்றால், இது நியாயமான முடிவுதான். மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணை மூடி ஒன்று, திறந்து ஒன்று என்று ஃபோட்டோ எடுத்து வையுங்கள். முதல் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டுங்கள், பிறகு வருடம் ஒரு முறை. தடித்தால், முடி கொட்டினால், புண்ணானால் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, தழும்போடு சேர்த்து, சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையும் வருகிற மாதிரி, ஒரே துண்டாக எடுத்துவிடுவது. ஒரு முறை திரும்ப வந்த கட்டி, விளிம்பிலும் மிச்சம் என்று எழுதியிருக்கிறது. என் அம்மாவாக இருந்தால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் நிதானமாக.

இதை இமைச் சீரமைப்பு செய்யும் மருத்துவரிடம், அதாவது ஆகுலோபிளாஸ்டி சிறப்புப் பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்ளுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வதுதான்; பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். தோல் மட்டும் என்றால் தையல் ஐந்து முதல் ஏழு நாளில் பிரித்துவிடுவார்கள். இமை ஓரத்தை முழுத் தடிமனில் எடுக்க வேண்டியிருந்தாலும், இமை நீளத்தில் கால் பங்கு வரை நேராகச் சேர்த்துத் தைத்துவிட முடியும். வயதானால் இமை தளர்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூட இழுபடும். தோல் மட்டும் எடுத்தால் வெளியே தெரியும் தழும்பு பெரும்பாலும் இமை மடிப்பில் ஒளிந்துகொள்ளும். எடுக்கும் துண்டின் ஒரு முனையில் நூல் கட்டி, எது மேல்பக்கம், எது மூக்குப் பக்கம் என்று குறித்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படிக் குறித்தால்தான் எந்தப் பக்கம் மிச்சம் என்று ரிப்போர்ட்டில் எழுத முடியும். நீங்கள் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏற்கெனவே செய்கிறவர் என்றால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இமையில் ரத்தம் சுலபமாகக் கட்டி, கறுத்து வீங்கும் என்பது உண்மை. ஆனால் இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பல சமயம் நிறுத்தாமலே செய்வோம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

நாமக்கட்டி வேண்டாம். தோலுக்குள் இருக்கும் கட்டியை அது கரைக்காது, புதுத் தழும்பில் பட்டால் எரிச்சலும் கிருமியும்தான் மிச்சம். துகள் கண்ணுக்குள் போனால் கருவிழி உராயும். பெரியம்மாவுக்கு வருத்தமாக இருந்தால், வேறு யாருக்காவது சாதாரணக் கண் கட்டி வரும்போது வெந்நீர் ஒத்தடம் போடும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்; அதற்கு உண்மையிலேயே பலன் உண்டு.

உங்களுக்கும் தங்கைக்கும் இது வருமா என்றால், நோடுலர் ஹைட்ரடினோமா குடும்பத்தில் இறங்கும் நோய் அல்ல. தொற்றும் அல்ல. வியர்வைச் சுரப்பிக் கட்டிகளில் சிலிண்ட்ரோமாவும் ஸ்பைரடினோமாவும் சில குடும்பங்களில் ஜீன் வழியாக வரும். ஆனால் அவர்களுக்குத் தலையிலும் முகத்திலும் பல கட்டிகள் இருக்கும். அம்மாவுக்கு இந்த ஒன்றைத் தவிர வேறு இல்லை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆவணிக் கல்யாணத்தைப் பற்றி. பிளாக் வாங்கி இம்யூனோவுக்குக் கொடுக்கும் வேலையை இந்த வாரமே ஆரம்பியுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். முடிவு வர வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். தீங்கற்றதுதான் என்று உறுதியாகிவிட்டால் அறுவை சிகிச்சையைக் கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு மாதத்தில் எதுவும் கெட்டுப்போகாது. முடிவு வேறு மாதிரி வந்தால் மட்டும் கல்யாணத் தேதியைப் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.